லாரி வாடகை பாதிக் கணக்குதான்
வாசகர் கேள்வி பதில்: வீடு மாறுவோருக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் இடமாற்ற உத்தரவுகள் வரத் தொடங்கும். அவற்றின் பின்னாலேயே இந்தப் பகுதிக்கான கடிதங்களும் வந்து சேரும். இம்முறை வந்தவற்றில் நான்கு கடிதங்கள் ஊர்விட்டு ஊர் வீடு மாறுவதைப் பற்றியவை. கிருஷ்ணகிரியில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் 19 ஆண்டுகள் கணக்கு எழுதிய அனுபவத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குத் தருமபுரியிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் அங்கே குடியேற வேண்டும். இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பேக்கர்ஸ் நிறுவனம் 46,000 ரூபாயும் மற்றொன்று 29,000 ரூபாயும் கேட்கின்றன. அங்கே 11,000 ரூபாய் வாடகையில் இரண்டாம் மாடியில் வீடு பார்த்திருக்கிறோம். மூன்று மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இங்கே மாதம் 8,000 ரூபாய் வாடகை. வீட்டுக்காரரிடம் எங்கள் அட்வான்ஸ் 40,000 ரூபாய் இருக்கிறது. கையில் இருப்பது 90,000. குறைந்த தொகை சொன்னவரிடமே கொடுத்துவிடலாமா? இந்தப் பணம் போதுமா?
– வாசகி, தருமபுரி

பதில்: அம்மா, 29,000 சொன்னவரும் 46,000 சொன்னவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறைந்த தொகை சொன்னவரிடம் சில விவரங்களைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. இதில் அடக்கமா? கட்டி, ஏற்றி, இறக்கித் தரும் முழுச் சேவைக்கு 18 சதவீதம் வரி போடுவதுதான் வழக்கம் என்பதால், அந்தத் தொகை அப்போதே 34,220 ஆகிவிடும். சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு, இரண்டாம் மாடிக்கு ஏற்றுவதற்குத் தனிக்கூலி உண்டா, டிரைவர் பேட்டா சேர்ந்ததா, கட்டிலையும் ஏ.சி.யையும் கழற்றுகிறவர்களே அங்கே வந்து மாட்டித் தருவார்களா என்பவற்றையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்பது கூலியாட்கள் கணக்கில் தனி அத்தியாயம். இவற்றையெல்லாம் கூட்டிய பிறகு 29,000 என்பது 42,000, 43,000 என்று வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நிலையில், எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்துச் சொன்ன 46,000 காரரிடம் பேசி இரண்டாயிரம் குறைப்பது நல்ல பேரம்.

ஒரு வண்டிக்கு எவ்வளவு அடங்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தருமபுரியிலிருந்து சேலம், மதுரை வழியாகத் தூத்துக்குடி சுமார் 440 கிலோமீட்டர். வண்டி வெறுமையாகத் திரும்பினால் 880. இரண்டு படுக்கையறைச் சாமான்களுக்குப் பொருத்தமான 14 அடி ஐச்சர் வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடுவதாகவும் டீசல் 93 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் டீசலுக்கு மட்டும் 10,230 ரூபாய் ஆகிறது. அதன்மேல் சுங்கம், டிரைவர் கூலி, வண்டித் தவணை, இரண்டு ஊரிலும் நான்கு நான்கு ஆட்கள் என்று கூட்டிப் பாருங்கள். ஆகவே ஒருவர் எல்லாம் சேர்த்து 15,000 என்றால் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒன்று, அது தென்மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கோ ஓசூருக்கோ சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் ரிட்டர்ன் வண்டி. நமது ஊர் நெடுஞ்சாலையில் இருப்பதன் லாபம் அது, கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் எந்த நாள் என்பதை வண்டிக்காரர்தான் முடிவு செய்வார். அல்லது உங்கள் சாமான்களை வேறு இரண்டு மூன்று வீட்டுச் சாமான்களோடு கலந்து, வழியில் ஏதோ ஒரு கிடங்கில் இறக்கி, வேறு வண்டியில் மாற்றி அனுப்பப் போகிறார்கள். இறக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் பீரோவின் ஒரு மூலை நசுங்கும்.

இனி உங்கள் 90,000 ரூபாய். லாரிக்கு 44,000 என்று முடிப்பதாக வைத்துக்கொள்வோம். புது வீட்டு அட்வான்ஸ் 33,000, முதல் மாத வாடகை 11,000, அதுவும் 44,000. ஆக 88,000 போய்விட்டது. மீதமுள்ள 2,000 ரூபாயில் நால்வருக்கு ரயில் டிக்கெட்டும், ஏ.சி. மாட்டும் செலவும், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும், புது வீட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வேறு அளவில் வேண்டியிருக்கும் திரைச்சீலைக் கம்பியும் அடங்குமா? அடங்காது. உங்களிடம் பணம் இல்லாமலில்லை. 40,000 ரூபாய் பழைய வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அது வருவதற்கு முன்பே இது போகிறது என்பதுதான் சிக்கல். இரண்டு அட்வான்ஸுக்கும் இடையில் வரும் அந்த மூன்று நான்கு வாரங்களில்தான் பலரும் நகையை அடகு வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். நீங்கள் ஐந்து மாத வாடகையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது இந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கலாம். இன்றைக்கே காலி செய்யும் தேதியைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, ஏப்ரல், மே மாத வாடகை 16,000 ரூபாயை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுமாறு கேளுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதற்கு மறுப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் கையிலிருந்து எதுவும் எடுத்துத் தர வேண்டியதில்லை. மிச்சம் 24,000 ரூபாயை, சாவியைக் கொடுக்கும் நாளில், சுவரையும் குழாயையும் அவரோடு நடந்து பார்த்து, மின்மீட்டரைப் படமெடுத்து, அதுவரையிலான கட்டணத்தைக் கொடுத்த கையோடு வாங்கிக்கொள்ள முயலுங்கள். வாடகையாக மிச்சமாகும் 16,000 கையில் இருந்தால் உங்கள் மாற்றம் கடன் இல்லாமல் முடியும். இல்லாவிட்டால் முடியாது என்றே சொல்வேன்.

செலவைக் குறைக்க உண்மையான வழி லாரிக்காரரைக் குறைக்கச் சொல்வதைவிட லாரியில் ஏறுவதைக் குறைப்பதுதான். எந்தப் பொருளைப் பார்த்தாலும், இது இல்லாமல் அங்கே போய் இறங்கினால் இதே விலை கொடுத்து இதை மறுபடி வாங்குவேனா என்று கேளுங்கள். தருமபுரி வீடுகளில் தண்ணீருக்காகச் சேர்த்து வைத்த நீல டிரம்கள் இரண்டு மூன்றாவது இருக்கும். காலி டிரம்மை ஏற்றுவது காற்றுக்கு வாடகை கொடுப்பது. அவசியமென்றால் அதற்குள் போர்வை, தலையணையைத் திணித்து ஏற்றுங்கள். ஏ.சி. பழையதென்றால் கழற்றும் கூலி, புதுச் செம்புக் குழாய், மறுபடி கேஸ் என்று வரும் செலவை அதன் விற்பனை விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். இரும்புக் கட்டிலும் பீரோவும் போகும் ஊர் கடற்கரை ஊர். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் உப்புக்காற்று சீக்கிரம் வேலை காட்டும். இங்கேயே ஒரு கோட் பெயின்ட் அடித்து ஏற்றினால் அங்கே பின்னால் ஆகும் பெரிய செலவு மிச்சமாகும்.

நாள் குறிப்பதிலும் பணம் இருக்கிறது. மே, ஜூன் நமது இரு மாவட்டங்களிலும் மாங்காய்ப் பருவம். மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் ஓடும் பிக்கப் வண்டிகளும் சிறு லாரிகளும் அந்த வாரங்களில் வீட்டுச் சாமான் ஏற்ற மனம் வைக்காது. வைத்தாலும் விலை கூடும். மாதக் கடைசியையும் ஞாயிற்றுக்கிழமையையும் முகூர்த்த நாளையும் விட்டு, வாரத்தின் நடுவில் ஒரு நாளை இப்போதே பேசி, சிறு முன்பணம் கொடுத்து நிறுத்துங்கள். மைசூர்–தூத்துக்குடி விரைவு ரயில் ஓசூர், தருமபுரி வழியாகப் போகிறது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும் என்பதால், விடுமுறைக் கூட்டத்தில் இடம் வேண்டுமானால் இன்றே அதைப் பாருங்கள். மாலையில் லாரியை அனுப்பிவிட்டு இரவில் ரயில் ஏறினால் லாரி உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். ஆகவே உங்கள் கணவர் ஒரு நாள் முன்னதாகவே சாவியோடு அங்கே இருக்கட்டும்.

ஏற்றும்போது ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே நின்று பாருங்கள். தருமபுரியை விட்டுக் கிளம்பியதும் வண்டி இறங்கப்போவது தொப்பூர் கணவாய். அந்த நீண்ட இறக்கத்தில் பிரேக் போடப் போடச் சரக்கு முழுவதும் கேபின் பக்கம் நெருக்கும். பீரோவைக் கதவு உள்பக்கம் பார்க்கும்படி முன்சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஃபிரிட்ஜை நின்ற வாக்கிலேயே மெத்தையோடு சேர்த்துக் கட்டி, கிரைண்டர் கல்லைப் பாத்திரத்திலிருந்து எடுத்துத் தனியாகச் சாக்கில் சுற்றித் தரையில் வைக்கச் சொல்லுங்கள். கல்லைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டு அனுப்பி, ஊர் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பாத்திரம் நெளிந்த தகரமாக இறங்கியதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

செலவை உங்கள் கணவர் வேலை பார்க்கும் நிறுவனம் ஈடு செய்யுமானால், எத்தனை விலைப்புள்ளிகள் வேண்டும், எந்த வடிவில் பில் வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டு லாரியைப் பேசுங்கள். இடமாற்றத்துக்காக அலுவலகம் தரும் படியில், பயணத்துக்கும் சாமான் கட்டி அனுப்புவதற்கும் உண்மையில் செலவான அளவுக்கு வருமானவரி இல்லை. அதைக் காட்ட ரசீதுதான் வேண்டும்.

கேள்வி: நாங்கள் இருவரும் எழுபதை நெருங்குகிறோம். கிருஷ்ணகிரியில் 6,500 ரூபாய் வாடகையில் நெடுங்காலம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஹைதராபாத்தில் மகனோடு போய் இருக்கப் போகிறோம். மாமியார் காலத்து ஆட்டுக்கல், அம்மி, தேக்குக் கட்டில், இவர் ஓட்டும் எக்ஸ்.எல். வண்டி, கேஸ் இணைப்பு இவற்றை என்ன செய்வது? எல்லாவற்றையும் விற்றுவிட்டு வாருங்கள் என்கிறான் மகன்.
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: மகன் சொல்வதில் முக்கால் பங்கு சரி. வண்டியிலிருந்து தொடங்குவோம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் ஒரு வாகனத்தை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே சாலைவரி கட்ட வேண்டும். பழைய எக்ஸ்.எல்.லுக்கு இவ்வளவும் செய்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. இங்கேயே விற்றுவிடுங்கள். ஆனால் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், பதிவுச் சான்று வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதை உறுதி செய்த பிறகே ஊரை விட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் அவர் வாங்கும் அபராதச் சீட்டு ஹைதராபாத்துக்கு உங்கள் செல்பேசியைத் தேடி வரும்.

சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால், நீங்கள் அந்நாளில் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பித் தந்து ஒரு சான்று கொடுப்பார்கள். புது ஊரில் அதைக் காட்டி இன்றைய வைப்புத்தொகை கட்டி இணைப்பு பெறலாம். 2022 ஜூனிலிருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு அது 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. மகன் வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருப்பதால் உங்களுக்குச் சான்று மட்டும் கையில் இருந்தால் போதும்.

கட்டில் கழற்றி மாட்டக்கூடியதென்றால், மகன் வீட்டு அறையின் அளவையும் லிஃப்டின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் சாமான் ஏற்ற இறக்க நேரமும் கட்டணமும் உண்டு. அதையும் அவரே விசாரிக்கட்டும். கொஞ்சம் சாமான்தான் என்பதால் தனி லாரி தேவையில்லை. பார்சல் லாரியில் பகுதி லோடாக அனுப்பலாம். சுமார் 660 கிலோமீட்டர் தூரத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) தேவையில்லை. ஆனாலும் பொருட்பட்டியலில் 'சொந்த உபயோகத்துக்கானவை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு டிரைவரிடம் கொடுத்தால் மாநில எல்லையில் பேச்சு வளராது.

ஆட்டுக்கல் விஷயத்தில் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. நடுக்குழி வழவழத்து, குழவி ஒரு பக்கமாகத் தேய்ந்து, அந்தக் கையின் பழக்கம் அப்படியே கல்லில் பதிந்திருக்கும். இருந்தாலும் நாலு பேர் தூக்க வேண்டிய அந்தக் கல்லை அடுக்குமாடியில் வைக்கவும் இடமில்லை, அரைக்கவும் தரையில்லை. கொல்லைப்புறம் உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, அம்மியை மட்டும் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். மகன் முணுமுணுத்தால் துவையல் அரைத்துக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உடனே வீட்டைக் காலி செய்யாதீர்கள். இரண்டு பெட்டியோடு போய் இரண்டு மாதம் இருந்து பாருங்கள். மொழி, மாடி வாழ்க்கை, பகலெல்லாம் ஆளில்லாத வீடு இவையெல்லாம் ஒத்துவந்தால் பிறகு சாமான்களை வரவழைக்கலாம். இரண்டு மாத வாடகை 13,000 ரூபாய் வீண் என்று தோன்றும். திரும்பி வரும் லாரியோடும் புதிதாகத் தேடும் வீட்டின் அட்வான்ஸோடும் ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான்.

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து மதுரைக்கு மாறினோம். பேசிய தொகைக்கு மேல் 7,000 ரூபாய் கொடுத்தால்தான் இறக்குவோம் என்று லாரியின் கதவைத் திறக்க மறுத்தார்கள். கொடுத்தோம். இறக்கியபோது டி.வி.யும் கண்ணாடி மேசையும் உடைந்திருந்தன. 'ரிஸ்க் கவரேஜ்' என்று 1,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள்; இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மதுரை

பதில்: ஐயா, தொலைபேசியை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இன்படி, சேதத்துக்காக வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். லாரி ரசீது எண், தேதி, உடைந்த பொருள், அதன் மதிப்பு, கூடுதலாக வாங்கிய 7,000 ஆகியவற்றைக் குறிப்பிட்டு போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். மதிப்பைக் கூட்டி அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாதவர்களுக்கு இழப்பீட்டின் உச்சவரம்பு வாடகையின் பத்து மடங்கு; அதுவும் சரக்குச் சீட்டில் காட்டிய மதிப்பைத் தாண்டாது. சாமான்களின் மதிப்பு 5,000 என்று அவர்கள் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தால் அங்கேதான் இடிக்கும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். 'ரிஸ்க் கவரேஜ்' என்பது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த வாக்குறுதி. காப்பீடு என்றால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணோடு உங்கள் பெயருக்குச் சான்று வந்திருக்க வேண்டும். இனி மாறப்போகிறவர்கள் அந்தச் சான்றைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். வாடகையில் கணிசமான பங்கை இறக்கி முடித்த பிறகே தருவது என்று பேசி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு ஜூலை கடைசியில் மாற நினைக்கிறோம். ஆடியில் குடி போகக்கூடாது என்கிறார் அத்தை. என் கணவரோ வண்டி மலிவாகக் கிடைக்கும் என்கிறார்.
– வாசகி, பாலக்கோடு

பதில்: இருவர் சொல்வதும் உண்மை. ஆடியில் வீடு மாறுவோர் குறைவு, மாங்காய் ஓட்டமும் ஓய்ந்திருக்கும், பேரம் படியும். பலரும் செய்வது, ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் புது வீட்டில் விளக்கேற்றி, உப்பும் மஞ்சளும் பருப்பும் வைத்து, பால் காய்ச்சிவிட்டு, சாமான்களைப் பிறகு நிதானமாகக் கொண்டுபோவது. ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது: ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும் என்பதால் பதினைந்து நாள் வாடகை இரண்டு வீட்டுக்கும் விழும், கோவைக்கு ஒருமுறை போய்வரும் செலவும் சேரும். லாரியில் மிஞ்சுவது அதைவிடக் குறைவென்றால் ஆவணியிலேயே மாறிவிடுங்கள். பால் காய்ச்சுவதாக முடிவு செய்தால், பால் காய்ச்சிய நாளிலிருந்தா, சாமான் இறங்கிய நாளிலிருந்தா, எந்தத் தேதியிலிருந்து வாடகை என்பதை வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கையில் வாங்குங்கள்.